இன்டு த பிரீச்சா, பேட்டில் பிரதர்ஸா? நாலு இண்டி டாக்டிக்ஸ் கேமில் உங்களுக்கு எது ஒத்துவரும்

கணினி கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் தள்ளுபடி தொடங்கிய ராத்திரி எனக்கு வரும் செய்திகளில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். "அண்ணே, எக்ஸ்காம் முடிச்சிட்டேன். அதே மாதிரி, ஆனா சின்னதா, மலிவா ஒண்ணு சொல்லுங்க. இன்டு த பிரீச் நல்லா இருக்குமா, பேட்டில் பிரதர்ஸ் நல்லா இருக்குமா?" கூடவே நாலைந்து விமர்சனங்களின் ஸ்கிரீன்ஷாட்டும் வரும். இதைப்போல நியாயமான கேம் இல்லை என்று ஒருவர் எழுதியிருப்பார். இது கேமே இல்லை, கணக்குப் பாடம் என்று இன்னொருவர் எழுதியிருப்பார். இரண்டு பேரும் ஒரே கேமைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

இதில் குழம்ப ஒன்றுமில்லை. எக்ஸ்காம் என்பது சிப்பாய்களை முறை முறையாக நகர்த்தி வேற்றுக்கிரகவாசிகளோடு சண்டை போடும் பெரிய கேம்; இங்கே பேசுவதும் அதே வகைதான். முறை மாற்றி ஆடும் உத்தி கேம்களில் ஒருவர் தலையில் தூக்கி வைப்பதும் இன்னொருவர் தூக்கி எறிவதும் பெரும்பாலும் அதே ஒரு அம்சமாகத்தான் இருக்கும். அதனால் எத்தனை பேருக்குப் பிடித்தது என்று எண்ணுவதில் பயனில்லை. எதை வைத்துச் சண்டை போடுகிறார்கள் என்று பார்த்து, அந்தச் சண்டையில் நீங்கள் எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்தால் போதும்.

இங்கே எடுத்துக்கொள்வது நாலு கேம்: இன்டு த பிரீச், பேட்டில் பிரதர்ஸ், வைல்டர்மித், டாக்டிக்கல் பிரீச் விஸர்ட்ஸ். நாலுமே சின்னக் குழுக்கள் செய்தவை. கேஎல் (கோலாலம்பூர்) பக்கம் வேலைக்குப் போய்வருகிற நம் ஆட்கள் பேச்சில் அடிக்கடி அடிபடுபவையும் இவைதான்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் அதிர்ஷ்டம். தாயத்தில் காய் உங்களுடையது, ஆனால் விழுகிற எண் உங்கள் கையில் இல்லை. ஆடுபுலி ஆட்டத்தில் எல்லாமே கண்முன் இருக்கிறது, மாட்டிக்கொண்டால் குற்றம் உங்களுடையது. இந்த நாலு கேமையும் இந்த இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு கோட்டில் நிறுத்திவிடலாம். மற்ற அளவுகோல்களுக்கெல்லாம் முன்னால் இதைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்: தோற்றால் உங்களை நீங்களே திட்டிக்கொள்வது சுலபமா, விதியைத் திட்டுவது சுலபமா?

இரண்டாவது, ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் உட்கார முடியும். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வருபவருக்கும், பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒன்றரை மணி நேரம் கிடைப்பவருக்கும், சனிக்கிழமை முழுக்கச் சும்மா இருப்பவருக்கும் ஒரே பதில் கிடையாது.

மூன்றாவது, தோற்றால் என்ன போகும். பத்து நிமிட உழைப்பா, ஒரு மாதத்து உழைப்பா?

நாலாவது, படிக்க வேண்டிய ஆங்கிலம். நாலில் ஒன்றுக்கும் தமிழ் இல்லை. ஒன்றில் ஐகானைப் பார்த்தே ஆடிவிடலாம், இன்னொன்றில் பக்கம் பக்கமாகக் கதை ஓடும்.

கடைசியாக, விலைச்சீட்டில் எழுதாத செலவு. பணம் மட்டும் இல்லை, பொறுமையும் அதில் சேரும்.

கிராஃபிக்ஸை நான் சேர்க்கவில்லை. முதல் மூன்றும் இருபரிமாணப் படங்கள், அலுவலக மடிக்கணினியே இழுக்கும். நாலாவது முப்பரிமாணம் என்றாலும் ரொம்பப் பெரிய இயந்திரம் கேட்காது.

| கேம் | முழுதாய் வந்தது | அதிர்ஷ்டம் | ஒரு மோதலுக்கு நேரம் | ஆங்கிலம் | தோற்றால் |
|---|---|---|---|---|---|
| இன்டு த பிரீச் | 2018 | இல்லை என்றே சொல்லலாம் | குறைவு | மிகக் குறைவு | ஒரு பைலட் மிஞ்சுவார், மீதி புதிதாக |
| பேட்டில் பிரதர்ஸ் | 2017 | நிறைய | அரை மணி தாண்டலாம் | நடுத்தரம் | செத்தவர் செத்தவர்தான் |
| வைல்டர்மித் | 2021 | ஓரளவு | குறைவு, கதை தனி | நிறைய | சாவா ஊனமா, நீங்களே முடிவு செய்யலாம் |
| பிரீச் விஸர்ட்ஸ் | 2024 | இல்லை | குறைவு | நிறைய, நகைச்சுவையோடு | அந்தக் கட்டத்தை மறுபடி ஆடலாம் |

## இன்டு த பிரீச்: எல்லாம் கண்முன்னே

சப்செட் கேம்ஸ் 2018 பிப்ரவரியில் வெளியிட்டது. எட்டுக்கு எட்டுக் கட்டம், உங்களிடம் மூன்று இயந்திரங்கள், எதிரே வெக் என்கிற ராட்சதப் பூச்சிகள். பூச்சிகள் முதலில் நகர்ந்து, எந்தக் கட்டத்தை அடிக்கப் போகிறோம் என்று காட்டிவிட்டுக் காத்திருக்கும். அப்புறம் உங்கள் முறை. நீங்கள் முடித்த பிறகுதான் அவை அடிக்கும்.

ஒரே ஒரு முறையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஃபயர்ஃப்ளை என்கிற பூச்சி ஒன்று கிழக்கே இருக்கும் கட்டடத்தைக் குறிபார்க்கிறது. அதற்கு ஒரு வரிசை கீழே, கொஞ்சம் தள்ளி, லீப்பர் என்கிற இன்னொரு பூச்சி உங்கள் இயந்திரங்களில் ஒன்றான டாங்கியைக் கடிக்கத் தயாராக நிற்கிறது. தொடக்கப் படையில் இருக்கும் பீரங்கி இயந்திரம் தன் குண்டு விழும் கட்டத்தைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் ஒரு கட்டம் வெளியே தள்ளும். ஃபயர்ஃப்ளைக்கு நேர் மேலே இருக்கும் காலிக் கட்டத்தில் குண்டைப் போட்டால், ஃபயர்ஃப்ளை ஒரு வரிசை கீழே நகரும். அது சுடும் திசை மாறாது. இப்போது அதன் நேர்கோட்டில் கட்டடம் இல்லை, லீப்பர் இருக்கிறது. லீப்பர் கடித்தால் பலமாக விழும், ஆனால் தன் மேல் ஒரு அடி விழுந்தால் தாங்காது. ஆக, ஒரே குண்டில் கட்டடமும் தப்பியது, டாங்கியும் தப்பியது, ஒரு பூச்சியை இன்னொரு பூச்சியே கொன்றது. ஆனால் ஃபயர்ஃப்ளை லீப்பருக்கு முன்னால் சுட வேண்டும். எது முதலில் அடிக்கும் என்ற வரிசையையும் கேமே காட்டும். பார்க்காமல் விட்டால் லீப்பர் முதலில் கடித்துவிடும், அது உங்கள் கவனக்குறைவு.

இந்த ஒரு உதாரணத்திலேயே இந்தக் கேமைப் பற்றிய எல்லா வாதமும் அடங்கிவிடுகிறது. பிடித்தவர்களுக்கு இது நூறு சதவீதம் நியாயம். பிடிக்காதவர்களுக்கு இது போர் இல்லை, புதிர். ஒவ்வொரு முறைக்கும் சரியான விடை எங்கேயோ இருக்கிறது, கண்டுபிடிக்காதது உன் குற்றம் என்று கேம் முறைத்துப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்பார்கள். நான் முதல் கட்சி. ஆனால் நாள் முழுக்க எக்செலில் தலையைக் கொடுத்துவிட்டு வருபவருக்கு இரண்டாவது கட்சியின் சோர்வு நன்றாகவே புரியும்.

ஒரு மோதல் பெரும்பாலும் ஐந்து முறைகளில் முடிந்துவிடும். எல்ஆர்டியில் கிளானா ஜெயாவிலிருந்து கேஎல்சிசி போவதற்குள் ஒன்றையாவது முடித்துவிடலாம், கையடக்க நின்டெண்டோ ஸ்விட்சில் ஆடினால் நின்றுகொண்டேகூட. 2022 ஜூலையில் வந்த அட்வான்ஸ்டு எடிஷன் புதுப் படைகளையும் புது எதிரிகளையும் இலவசமாகவே சேர்த்தது, அதனால் பின்னால் வரும் செலவு என்று ஒன்றும் இல்லை. அதே மாதம் நெட்ஃபிளிக்ஸ் வழியாகக் கைப்பேசிக்கும் வந்தது. வீட்டில் சந்தா இருந்தால் காசு கொடுப்பதற்கு முன் அங்கே ஒருமுறை தேடிப் பாருங்கள். சந்தாவை நிறுத்தினால் கேமும் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில் இருக்கிறது: இதில் ஒட்டிக்கொள்ள ஆள் கிடையாது. பைலட்டுக்குப் பெயரும் இரண்டு வரி வசனமும் உண்டு, அவ்வளவுதான். எக்ஸ்காமில் தன் சிப்பாய்களுக்கு மாமா, சித்தப்பா பேரெல்லாம் வைத்து, செத்தால் வருத்தப்பட்டவர் இங்கே சீக்கிரம் சலித்துப்போவார்.

## பேட்டில் பிரதர்ஸ்: கூலிப்படை முதலாளியின் தலைவலி

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்துக் குழுவான ஓவர்ஹைப் ஸ்டுடியோஸ் 2017 மார்ச்சில் முழுதாக வெளியிட்டது. நீங்கள் ஒரு கூலிப்படையின் தலைவர். ஊர் ஊராய்ப் போய் வேலை பிடிக்கிறீர்கள், பிச்சைக்காரனையும் விவசாயியையும் ஓடிப்போன திருடனையும் ஆளெடுக்கிறீர்கள். தினம் கூலி கொடுக்க வேண்டும், சோறு போட வேண்டும், உடைந்த கவசத்தைச் சரிசெய்யக் கருவி வாங்க வேண்டும். சண்டைக்குப் பன்னிரண்டு பேர்வரை இறக்கலாம். கால் இல்லாமல் மார்பளவு பொம்மைகளாக நிற்பார்கள். முதல் முறை பார்த்தால் சிரிப்பு வரும், அப்புறம் அந்தச் சிரிப்பு மறந்துவிடும்.

சண்டை எல்லாம் சதவீதம். இங்கேதான் மனஸ்தாபம். படும் வாய்ப்பு 5-க்குக் கீழே இறங்காது, 95-க்கு மேலே ஏறாது. அதாவது நூறு என்பதே கிடையாது. 95 சதவீத வீச்சு தவறியதும் ஆட்கள் மவுசை மேசையில் அடித்துவிட்டு "கேம் ஏமாத்துது" என்று எழுதுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 95 சதவீத வாய்ப்போடு இருபது முறை வீசினால், ஒருமுறையாவது தவறுவதற்கான வாய்ப்பு கிட்டத்தட்ட 64 சதவீதம். 70 சதவீதத்தில் மூன்று முறை வீசினால் மூன்றும் படுவதற்கான வாய்ப்பு 34 சதவீதம்தான். ஒரு பெரிய சண்டையில் நூறு வீச்சாவது நடக்கும். தவறும், தவறியே தீரும். அந்த ஒரு வீச்சு பட்டே ஆகவேண்டும் என்கிற நிலைமையில் நீங்கள் ஏன் போய் நின்றீர்கள் என்பதுதான் கேம் கேட்கிற கேள்வி.

இந்தக் கேமை ஆண்டுக்கணக்கில் ஆடுபவர்கள் சொல்வதும் இதுதான். சண்டையில் ஜெயிப்பதைவிட எந்தச் சண்டைக்குப் போகக் கூடாது என்று தெரிவதுதான் திறமை. வேலை பிடித்துவிட்டோமே என்று எண்ணிக்கையில் இரண்டு மடங்கு இருக்கும் கும்பலிடம் போய் மாட்டுபவர்கள் விதியைத் திட்டுகிறார்கள். முன்வரிசையில் கேடயத்தைச் சேர்த்து நிறுத்தி, பின்னால் நீள ஆயுதக்காரர்களை வைத்து, தோற்கும் அறிகுறி தெரிந்ததும் பின்வாங்குபவர்களுக்கு அதே விதி பரவாயில்லாமல் நடந்துகொள்கிறது.

ஆனால் இந்தப் பதிலை நான் முழுசாக ஏற்கவில்லை. தொடக்கத்தில் கையில் மூன்று பேர்தான். கவசம் கந்தல், காசு இல்லை. அந்த நேரத்தில் ஒரே அடி மண்டையில் விழுந்து நல்ல ஆள் போய்விட்டால் அதில் உங்கள் திட்டம் என்று சொல்ல ஒன்றுமில்லை, அது வெறும் துரதிர்ஷ்டம். கேமின் முதல் சில மணி நேரம் அதன் மிக மோசமான பகுதி என்பதைப் பழைய ஆட்டக்காரர்கள் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் அதைத் தாண்டிவிட்டார்கள், அதனால் மறந்துவிட்டார்கள்.

செலவுக்கு வருவோம். சண்டைக்கு நடுவில் சேவ் செய்ய முடியாது. பெரிய சண்டை அரை மணி தாண்டும். வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் ஒன்று சோறு ஆறும், இல்லை அப்படியே விட்டு எழுந்து போக வேண்டும். அடுத்தது படிப்பு. ஒவ்வொரு படி ஏறும்போதும் எட்டுக் குணங்களில் மூன்றை உயர்த்தச் சொல்லும். தப்பாக உயர்த்தினால் தப்பு என்று உடனே தெரியாது, பல சண்டை கழித்து அந்த ஆள் ஒன்றுக்கும் ஆகாமல் நிற்கும்போதுதான் தெரியும். அதனால் பக்கத்தில் ஒரு விக்கி பக்கம் எப்போதும் திறந்திருக்கும். மூன்றாவது, கூடுதல் பொதிகள். பீஸ்ட்ஸ் அண்ட் எக்ஸ்ப்ளொரேஷன் 2018-லும், வாரியர்ஸ் ஆஃப் த நார்த் 2019-லும், பிளேஸிங் டெசர்ட்ஸ் 2020-லும் வந்தன. மூன்றும் தனிக் காசு. முதல் தடவைக்கு ஒன்றும் தேவையில்லை. ஒரு கூலிப்படையை நடத்திப் பார்த்துவிட்டு, இன்னும் ஆசை இருந்தால் அப்போது வாங்கலாம்.

ஸ்விட்சிலும் பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் கிடைக்கிறது. ஆனால் இத்தனை எண்களைப் பெரிய திரையில் மவுசோடு பார்ப்பதுதான் சுகம்.

யாருக்கு என்றால், மெதுவாக ஒன்றைக் கட்டியெழுப்பும் பொறுமை உள்ளவருக்கு. வார இறுதியில் நீளமாக உட்கார முடிகிறவருக்கு. ஒற்றைக் கண்ணோடும் உடைந்த மூக்கோடும் இத்தனை நாள் பிழைத்து வந்த ஒரு பழைய திருடன் கடைசியில் சாதாரணக் கொள்ளைக்காரனிடம் செத்துப்போனால், அதை நாலு பேரிடம் கதையாகச் சொல்லத் தோன்றுகிறவருக்கு. மாமாக் கடையில் தே தாரிக் ஆறும்வரை ஒருவர் ஓயாமல் கேம் கதை பேசுகிறார் என்றால் பெரும்பாலும் அது இந்தக் கேம்தான்.

## வைல்டர்மித்: சேர்ந்து ஆட ஆள் இருந்தால்

வேர்ல்டுவாக்கர் கேம்ஸ் 2021 ஜூனில் முழுதாக வெளியிட்டது. காகிதத்தில் வெட்டி நிறுத்தியதுபோல் பாத்திரங்கள். மூன்று சாதாரண ஊர்க்காரர்கள் வீரர்களாகி, அத்தியாயங்களுக்கு நடுவே ஆண்டுகள் ஓடி, கல்யாணம் கட்டி, நரைத்து, ஓய்வு பெறுவார்கள். பிள்ளைகள் வந்து படையில் சேர்வார்கள். ஒருவர் சண்டையில் விழுந்தால், உயிரோடு ஊனமாய்ப் பின்வாங்குவதா, கடைசியாக ஒரு அடி அடித்துவிட்டுச் சாவதா என்று உங்களையே கேட்கும். சாவை இவ்வளவு மரியாதையாக நடத்துகிற உத்தி கேம் அபூர்வம்.

குறை சொல்பவர்கள் இரண்டு விஷயம் சொல்வார்கள், இரண்டும் உண்மை. சண்டை மற்ற மூன்றையும்விட மெலிசு. நாலைந்து கதைகள் ஆடிய பிறகு சம்பவங்கள் திரும்ப வரத் தொடங்கும். அதோடு வாசிப்பு அதிகம், அதுவும் கொஞ்சம் கவிதைத்தனமான ஆங்கிலம். அதை ரசிக்க முடியாதவருக்குப் பாதிக் கேம் வீண்.

ஆனால் இந்த நாலில் சேர்ந்து ஆட முடிவது இதில் மட்டும்தான், ஐந்து பேர்வரை. அண்ணன் கேஎல்லில், தங்கச்சி பினாங்கில், இருவரும் ஞாயிறு ராத்திரி ஒரு அத்தியாயம் ஆடலாம். ஆளுக்கு ஒரு வீரர். அப்பா பெயரை வைத்த வில்லாளிக்கு ஓநாய்த் தலை முளைத்தால் சிரிப்பு அடங்காது. தனியாக ஆடப்போவதாக இருந்தால் எனக்கு இது மூன்றாவது இடம்தான், சேர்ந்து ஆட ஆள் இருந்தால் யோசிக்காமல் முதல் இடம்.

## டாக்டிக்கல் பிரீச் விஸர்ட்ஸ்: ஜன்னலுக்கு வெளியே தள்ளு

2024 ஆகஸ்டில் வந்தது. கன்பாயின்ட், ஹீட் சிக்னேச்சர் செய்த அதே சஸ்பிஷியஸ் டெவலப்மெண்ட்ஸ். மூன்று கேமிலும் ஆட்களை ஜன்னல் வழியே தூக்கிப் போடலாம், அதையே ஒரு முத்தொகுப்பு என்று அவர்களே வேடிக்கையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். குண்டு துளைக்காத சட்டை போட்ட மந்திரவாதிகள் கதவை உடைத்து உள்ளே போகிறார்கள். இன்டு த பிரீச் மாதிரியே எல்லாம் கண்முன். அதற்கு மேலே, முறையை முடிக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் பின்னோக்கிப் போய் மாற்றி ஆடலாம்.

பயமில்லாமல் விளையாட வேண்டும் என்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. கதை ஒரே பாதையில் போகும், முடித்துவிட்டால் மறுபடி ஆடும் ஆசை குறைவு. வசனங்கள்தான் பாதி சுவை, அதில் சிரிக்க ஆங்கிலம் வேகமாகப் பிடிபட வேண்டும். விண்டோஸ் கணினி வேண்டும்.

ஒளிந்து திருடுவதுதான் பிடிக்கும் என்றால் இந்த நாலையும் விட்டுவிட்டு கிளெய் 2015-ல் வெளியிட்ட இன்விசிபிள் இங்க் பக்கம் போங்கள். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

## வெள்ளிக் கணக்கு

அமெரிக்கப் பட்டியல் விலையில் இன்டு த பிரீச் 14.99 டாலர், விஸர்ட்ஸ் 19.99, வைல்டர்மித் 24.99, பேட்டில் பிரதர்ஸ் 29.99. நம் ஸ்டீமில் ரிங்கிட்டில் தனி விலை காட்டும், டாலரை மாற்றிப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்கு மலேசியா 2020 ஜனவரியில் 6 விழுக்காடு சேவை வரி கொண்டுவந்தது, 2024 மார்ச்சிலிருந்து அது 8 விழுக்காடு. அதனால் விளம்பரத்தில் பார்த்த தொகையை நம்பாமல் பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் மொத்தத்தைப் பாருங்கள். ரிங்கிட்டில் கட்டினாலும் வெளிநாட்டு வணிகர் என்று சில வங்கி அட்டைகளில் சின்னக் கட்டணம் விழும்.

பிடிக்காவிட்டால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும்: வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். இன்டு த பிரீச்சையும் விஸர்ட்ஸையும் அந்த இரண்டு மணியில் தாராளமாக முடிவு செய்துவிடலாம். பேட்டில் பிரதர்ஸில் அந்த நேரம் கந்தல் கவசத்தோடு அல்லாடுவதிலேயே போய்விடும், அதை வைத்துப் பிடிக்கிறதா என்று சொல்ல முடியாது. வைல்டர்மித்தில் கதை அப்போதுதான் சூடு பிடித்திருக்கும். ஆக விலை கூடிய இரண்டிலும் திருப்பித் தரும் வசதி பெரிதாக உதவாது. அவற்றை வாங்குவதற்கு முன் யாராவது ஆடும் வீடியோவை, அதுவும் முதல் பத்து நிமிடத்தை இல்லாமல் நடுப்பகுதியை, கொஞ்சம் பார்ப்பது நல்லது.

## அப்போ எதை வாங்குவது

தினமும் ரயிலில் அரை மணி, கையில் ஸ்விட்ச் என்றால் இன்டு த பிரீச். இந்த வகை கேமே ஆடியதில்லை, தோற்றால் கடுப்பாகிவிடும் என்றால் விஸர்ட்ஸ். தம்பி தங்கச்சியோ மனைவியோ கூட ஆடுவார்கள் என்றால் வைல்டர்மித். எக்ஸ்காமில் ஆட்கள் சாவதுதான் உங்களுக்குப் பிடித்தது என்றால், சனிக்கிழமைகள் காலியாக இருந்தால், பேட்டில் பிரதர்ஸ்.

இதில் எக்ஸ்காமிலிருந்து வருபவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. எக்ஸ்காமில் 95 சதவீதம் தவறும்போது முன்பு சேவ் செய்ததை மறுபடி லோட் செய்பவரா நீங்கள்? அப்படியானால் பேட்டில் பிரதர்ஸ் உங்களுக்கு இல்லை, யார் எவ்வளவு புகழ்ந்தாலும் சரி. சண்டைக்கு முன் சேவ் செய்து, அரை மணி ஆடி, ஒரு ஆள் செத்ததும் முதலிலிருந்து ஆடுவீர்கள். ஒரே சண்டையில் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். உங்களுக்கு இன்டு த பிரீச்தான், அல்லது விஸர்ட்ஸ்.

எஸ்பிஎம் எழுதும் பிள்ளைக்கு வாங்கித் தரலாமா என்று கேட்கும் பெற்றோருக்கும் இதே வரிசைதான் சொல்வேன்: இன்டு த பிரீச், ஐந்து முறையில் ஒரு மோதலை முடித்து மூடி வைக்கலாம். பேட்டில் பிரதர்ஸைத் தேர்வு முடியும்வரை காட்டவே காட்டாதீர்கள்.

இரண்டை வாங்கத் தோன்றினால் ஒரே தள்ளுபடியில் வாங்க வேண்டாம். ஸ்டீமின் கோடைத் தள்ளுபடி ஜூன் கடைசியில், குளிர்காலத் தள்ளுபடி டிசம்பர் கடைசியில் வரும். ஒன்றை ஆடி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும், விலையும் அநேகமாக இதே அளவுக்கு இறங்கும். பேட்டில் பிரதர்ஸ் வாங்கியவர்களுக்கு அதற்கு அடுத்த தள்ளுபடிகூடப் போதாமல் போகலாம்.